ஒக்ரோபருக்கு முன் நான்கு நாள்

பேர்ண், சுவிற்சர்லாந்து
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெளிநாட்டு முத்திரையோடு கடிதம் வந்ததென்று பயந்துவிடாதீர்கள். இங்கே எல்லோரும் சுகம். கேதீசுக்கு அதே வேலை, எனக்கு அதே முதியோர் இல்லம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

விஷயம் இதுதான். ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நால்வரும் சிங்கப்பூருக்குப் போய் நான்கு நாள் நிற்கலாம் என்று நினைக்கிறோம். நீங்களும் தேனுகாவையும் யதுர்ஷனையும் கூட்டிக்கொண்டு அங்கே வரவேண்டும். அத்தானும் வந்தால் இன்னும் சந்தோஷம். செலவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவேண்டாம், அதைக் கேதீஸ் பார்த்துக்கொள்வார்.

நான் அங்கே வரமுடியாது. எங்களுடைய பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடும் என்று அடித்திருக்கிறது. நீங்கள் இங்கே வருவதென்றால் அழைப்புக் கடிதம், விசா, ஆயிரம் கேள்வி. சிங்கப்பூருக்கு உங்களுக்கு விசாவே தேவையில்லை. எங்களுக்குத்தான் எடுக்கவேண்டும்.

போன கிழமை அகிலன் என்னிடம் கேட்டான்: "அம்மா, பெரியம்மா உண்மையா இருக்கிறாவோ, இல்லாட்டி ஃபோனுக்குள்ள மட்டுமோ?" ஆரணி அவனுக்குக் குட்டு வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடம், அக்கா. வவுனியா பஸ் நிலையத்தில் நீங்கள் எனக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கித் தந்ததற்குப் பிறகு உங்களை நான் நேரில் பார்க்கவில்லை.

ஒரு வேண்டுகோள். இந்தப் பயணத்தைப் பற்றி வட்ஸ்அப்பில் எழுதவேண்டாம். ஃபோனிலும் கதைக்கவேண்டாம். கடிதத்திலேயே எழுதுங்கள். ஊரிலும் யாருக்கும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
நிசா

*

வட்டக்கச்சி
03.02.2025

அன்புள்ள நிசா,

உன் கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. யதுர்ஷன் முத்திரையைக் கிழித்து எடுத்துவிட்டான்.

வருகிறேன் என்று உடனே எழுத எனக்கு மனம் வரவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. சில விஷயங்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதின்மூன்றாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கும்போது சிங்கப்பூரின் சனத்தொகை அடர்த்தியை நான் வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு சதுர கிலோமீற்றருக்கு எண்ணாயிரத்துக்கு மேல். அந்த எண்ணுக்குள் என் இரண்டு பிள்ளைகளையும் விட்டுப் பார்த்ததில்லை. அங்கே நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலின் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளுமாம். ஒரு பிள்ளை உள்ளே ஏறி, நான் வெளியே நின்றால் என்ன செய்வது? ஹொட்டேல் எத்தனையாவது மாடி? மின்தூக்கி வேலை செய்யாவிட்டால் இறங்குவதற்குப் படி எந்தப் பக்கம்? எங்கள் அறையும் உங்கள் அறையும் அடுத்தடுத்து இருக்குமா? இவற்றுக்கு நீ பதில் எழுது.

அத்தானிடம் சொன்னேன். "நீர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாரும்," என்றார். "சிறுபோக நெல்லு வெட்டுற நேரம் நான் எங்க வாறது? வயலையும் பிளேனில ஏத்தேலுமோ?"

தேனுகாவுக்கு நிலத்தில் கால் நிற்கவில்லை. நான் யோசிக்கவேண்டும் என்று சொன்னதற்கு முகத்தைத் தூக்கிக்கொண்டாள். "என்ர வகுப்புப் பிள்ளையள் தனிய யாழ்ப்பாணம் ரியூசனுக்குப் போகினம். நான் கிளிநொச்சிச் சந்தைக்கே உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு போறன். பதினாலு வயசு, அம்மா." அவள் சொன்னது உண்மை. சின்னவனுக்கும் பத்து வயது. சந்தையில் நான் மணிக்கட்டில் பிடித்தால் சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொள்கிறான்.

ஏன் ஃபோனில் கதைக்கக்கூடாது என்று நீ சொல்லவில்லை. இங்கே எங்களுக்கு ஏதும் வந்துவிடும் என்று நினைக்கிறாயோ? அப்படியானால் நன்றி. ஆனால் பயப்படுவதென்றால் எதற்கென்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அன்புடன்,
சுதா அக்கா

*

பேர்ண்
25.02.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கேதீஸ், "உன்ர அக்கா சுற்றுலா போறாவோ, சோதினை மேற்பார்வைக்குப் போறாவோ?" என்று கேட்டார். கோபிக்காதீர்கள், பகிடிக்குத்தான்.

ஹொட்டேலில் உங்கள் அறை நான்காவது மாடி. படி மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, படத்தில் பார்த்தேன். ரயிலில் பிள்ளை தனியே போய்விட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நிற்கவேண்டும், நீங்கள் அடுத்த ரயிலில் போய்ப் பிடிக்கலாம். இதை இரண்டு பேருக்கும் இப்போதே சொல்லிப் பழக்குங்கள். முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் தாவரவியற் பூங்கா. மூன்றாம் நாள் மிருகக்காட்சிச்சாலை. நான்காம் நாள் கடைகள்.

அறைகள் அடுத்தடுத்து இல்லை. நாங்கள் வேறு ஹொட்டேலில் நிற்கிறோம், பத்து நிமிட நடை. அப்படித்தான் வசதியாகக் கிடைத்தது.

இன்னும் சில சின்ன விஷயங்கள். நாங்கள் உங்களை விமான நிலையத்தில் சந்திக்கமாட்டோம். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஊர் பார்க்க வந்தோம் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் என்னை வெளியில் அன்ரி என்று கூப்பிடட்டும், சித்தி வேண்டாம். எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுக்கவேண்டாம். தேனுகாவின் ஃபோனில் கட்டாயம் வேண்டாம்.

காரணம் கேட்பீர்கள். ஒக்ரோபரில் எங்களுக்குக் குடியுரிமை நேர்முகம் இருக்கிறது. அதற்கு முன்பு எல்லாம் அமைதியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நிசா

*

வட்டக்கச்சி
30.03.2025

நிசா,

உன் சின்ன விஷயங்களை மூன்று தரம் வாசித்தேன். அவற்றில் ஒன்றும் சின்னதாக இல்லை.

கடவுச்சீட்டு வேலை முடிந்தது. வவுனியாவுக்கு விடியவே போய் வரிசையில் நின்றோம். அத்தானும் சம்மதக் கையெழுத்துக்கு வந்தார். உள்ளே இருந்த பெண், "எத்தனை பிள்ளையள், ரீச்சர்?" என்று கேட்டா. "மூண்டு," என்றேன். அவா விண்ணப்பங்களைப் பார்த்தா. "ரெண்டுக்குத்தானே தந்திருக்கிறியள்?" ரெண்டுதான் என்று திருத்தினேன். தேனுகா என்னைப் பார்த்தாள். அத்தான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தர்சன் இருந்தால் இந்த ஜூனில் பத்தொன்பது. அவனுக்கு என் கையெழுத்தே தேவைப்பட்டிராது.

அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு கிராம அலுவலரிடம் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, ரீச்சர் எங்கே போகிறா, ஏன் போகிறா, அங்கே ஆர் இருக்கினம் என்று விசாரித்துவிட்டுப் போனார்களாம். அவர் எனக்கு றோட்டில் வைத்துச் சொன்னார். "ஒண்டுமில்லை ரீச்சர், சும்மா வழமையா வாறவைதான்." அவர் சும்மா என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுவதும் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பிப் பார்த்தேன்.

இங்கே என்னைக் கேள்வி கேட்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு நான் பழகிவிட்டேன். உன் கடிதத்தில் இருக்கும் பயம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்றுதான் தெரியவில்லை. குடியுரிமை கேட்கிற ஒருத்தி தன் கூடப்பிறந்தவளோடு நின்று படம் எடுத்தால் அந்த நாட்டுக்கு என்ன நட்டம்? நான் யாரையும் கொல்லவில்லை. களவெடுக்கவில்லை. கல்வித் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருடச் சேவை.

என் பிள்ளைகள் உன்னை அன்ரி என்று கூப்பிடமாட்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன். காரணம் எழுது. இல்லாவிட்டால் ரிக்கெற்றை நிற்பாட்டு.

சுதா

*

பேர்ண்
21.04.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். கேதீஸ் எழுதவேண்டாம் என்கிறார். எழுத்தில் இருக்கக்கூடாதாம். ஃபோனில் சொன்னால் உங்களுடைய சத்தத்தைக் கேட்கவேண்டி வரும். அது என்னால் முடியாது.

2010 மார்ச்சில் எனக்கு இரண்டாவது அகதி விசாரணை. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகவில்லை. முடிந்துவிட்டதுதானே, திரும்பிப் போகலாம்தானே என்று அந்த அதிகாரி அம்மா கேட்டா. கூடாத மனுசி இல்லை. மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்து ஆள். "அங்க போய் இருக்கிறதுக்கு உங்களுக்கு ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். அம்மா அப்பா இல்லை என்றேன். "சகோதரங்கள்?"

நீங்கள் அப்போதுதான் முகாமிலிருந்து வட்டக்கச்சிக்குத் திரும்பியிருந்தீர்கள். தகரக் கொட்டில் போட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். ஓம், ஒரு அக்கா இருக்கிறா என்று சொன்னால் உங்களிடம் போகச் சொல்லுவார்கள். எனக்குத் தெரிந்த மூன்று பேரை அந்த மாதம் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

நான், "ஒரு அக்கா இருந்தவா," என்றேன்.

"இருந்தவா எண்டா?" என்று அவர் கேட்டார்.

செத்துப்போனா என்று சொன்னேன்.

இங்கே என் அகதி விண்ணப்பக் கோவையில் நீங்கள் 2009 ஏப்ரலில் இறந்துவிட்டீர்கள். குடியுரிமைப் படிவத்திலும் அதையேதான் திரும்ப எழுதினேன், மாற்றி எழுத வழியில்லை. போன மாதம் ஆரணி வகுப்பில், சிங்கப்பூரில் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறாள். ஆசிரியை என்னைக் கண்டபோது, "உங்களுக்கு யாரும் இல்லை என்றல்லவா நினைத்தேன்," என்றா. அன்பாகத்தான் சொன்னா. நேரமாகிவிட்டது என்று சொல்லி ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒக்ரோபரில் எங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திடமும் கேட்பார்கள். பொய் சொல்லித்தான் அகதியானாய் என்று கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பறிக்கலாம். பிள்ளைகளுடையதையும்.

அதற்குப் பிறகும் ஏன் வரச்சொன்னாய் என்று கேட்பீர்கள். ஒக்ரோபருக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன் ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

நிசா

*

வட்டக்கச்சி
12.05.2025

நிசா,

கிடைத்தது.

நான் எப்படிச் செத்தேன்? எந்த இடம், எந்த நேரம், பக்கத்தில் யார் இருந்தது? அவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்காமல் எழுதியிருக்கமாட்டார்கள். நீ அங்கே சொன்னதை அப்படியே எழுது. எனக்காக ஒன்றையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மற்றதைப் பிறகு கதைப்போம்.

சுதா

*

பேர்ண்
30.05.2025

அக்கா,

கேட்டார்கள். நான்கு மணித்தியாலம். ஒரே விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து, முடிவிலிருந்து, நடுவிலிருந்து. இல்லாத ஒரு சாவைச் சொல்லியிருந்தால் முதல் மணித்தியாலத்திலேயே பிடிபட்டிருப்பேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த சாவு ஒன்றுதான் இருந்தது. நீங்கள் முகாமிலிருந்து செஞ்சிலுவைக்காரர் மூலம் அனுப்பிய கடிதத்தில் எழுதியது.

மாத்தளன். ஏப்ரல் 16, பின்னேரம். பனங்குற்றி போட்ட பங்கர், மேலே நீலச் சேலையில் தைத்த மண்மூட்டைகள். தர்சனுக்கு முதல் நாளிலிருந்து காய்ச்சல். இவ்வளவும் நீங்கள் எழுதியது, அப்படியே சொன்னேன். அவனை நித்திரையாக்கிவிட்டுக் கஞ்சி வரிசைக்குப் போனீர்கள், பத்து நிமிடம்தான், அதற்குள் எறிகணை விழுந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

நீங்கள் எங்கேயும் போகவில்லை என்று சொன்னேன். செல் சத்தம் கேட்டதும் அவனுக்கு மேலே கவிழ்ந்து படுத்தீர்கள், அப்படியே இரண்டு பேரையும் எடுத்தார்கள், பிரிக்காமல் ஒரே குழியில் வைத்தார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அப்படித்தான் நடந்தது போல இருந்தது. அழுதேன், அது நடிப்பில்லை. அந்த அம்மா எழுதுவதை நிறுத்தி எனக்குத் தண்ணீர் தந்தா. அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

ரிக்கெற் எடுத்தாயிற்று. கேதீஸ் நிற்பாட்டுவோம் என்கிறார். நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன்.

நிசா

*

வட்டக்கச்சி
22.06.2025

அன்புள்ள நிசா,

உன் கடிதத்தைப் பாடசாலையில் பிரித்தேன். அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள், தலையிடி என்று சொன்னேன்.

திட்டுவதற்கு எனக்கு அருகதை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அத்தான் அந்த நாட்களில் காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கத்தில் நின்றார். என்னை ஜூலையில் முகாமில்தான் கண்டுபிடித்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "பிள்ளை எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அவனை அணைத்துக்கொண்டு இருந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். பதினாறு வருடமாக அதுதான் இந்த வீட்டுக் கதை. தேனுகாவும் அதைத்தான் கேட்டு வளர்ந்தாள். பத்து நிமிடத்தை நான் எழுதியது உனக்கு மட்டும்தான். நீ தூரத்தில் இருந்தாய். ஒருத்திக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது.

ஆகவே நீ உன் விசாரணையில் சொன்னதும் நான் என் புருசனுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட ஒரே வாக்குமூலம். நீ என்னையும் சாகவிட்டாய். அது என்னுடையதை விட நம்பக்கூடியதாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளையும் எண்ணாயிரம் பேருக்குள் என்னோடு தனியே அனுப்புகிற மனிதர், எப்படிப்பட்டவளோடு அனுப்புகிறார் என்று தெரிந்துகொண்டு அனுப்பவேண்டும். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கிணற்றடியில் மண்வெட்டி கழுவிக்கொண்டு நின்றார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். கனநேரம் கழுவினார். மண் எல்லாம் போன பிறகும் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"கஞ்சி கிடைச்சதோ?"

"ஓம். அரைச் சட்டி."

தலையாட்டினார். இரண்டு நாள் விடியவே வயலுக்குப் போய் இருட்டின பிறகுதான் வந்தார். மூன்றாம் நாள் டவுனுக்குப் போய்ச் சில்லுப் பூட்டிய பயணப் பெட்டி ஒன்று வாங்கிவந்து முன் அறையில் வைத்தார். "கைபிடி சரியோ எண்டு இழுத்துப் பாரும்," என்றார்.

நாங்கள் வருகிறோம். ரிக்கெற்றை நிற்பாட்டாதே.

எனக்குப் பயம் குறையவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள் என்று தெரியாது. கிராம அலுவலரிடம் வந்தவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாது. ரயில் கதவை நினைத்து, அடுத்த நிலையத்தில் இறங்கி அசையாமல் நிற்கவேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் தினமும் சொல்லிக் கேட்கிறேன். இதற்கெல்லாம் மேலாக உன் ஒக்ரோபர் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கண்டதால் உன் பிள்ளைகளுக்கு ஏதும் வந்தால் அந்தப் பாரத்தைச் சுமக்க என்னிடம் இடம் இல்லை. அதனால் உன் நிபந்தனைகளில் பாதியை ஏற்கிறேன். விமான நிலையத்துக்கு வராதே. வேறு ஹொட்டேலிலேயே நில். படம் வேண்டாம்.

அன்ரி என்று கூப்பிடச் சொல்லமாட்டேன் என்று முன்பே எழுதினேன். கூப்பிடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன். சித்திக்கு ஒரு பிரச்சினை, அவா தானாக வந்து கதைக்கும்வரை நீங்கள் கதைக்கக்கூடாது என்று சொன்னேன். தேனுகா, "இதென்னம்மா, பெரிய ஆக்கள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறியளோ?" என்றாள். சின்னவன், அகிலனோடும் கதைக்கக்கூடாதோ என்று கேட்டான். அவனோடு விளையாடலாம் என்றேன். பூங்காவில் விளையாடுகிற பிள்ளைகளிடம் யாரும் உறவுமுறை கேட்பதில்லை.

இரண்டாம் நாள், நீ எழுதிய அந்தத் தாவரவியற் பூங்காவுக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவோம். உள்ளே ஒரு குளம் இருப்பதாக வரைபடத்தில் பார்த்தேன். அதன் கரையில் நீளமான கதிரை ஒன்றில் இருப்பேன். பதினொரு மணிவரை இருப்பேன். நீ தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனாலும் போதும். நான் கோபிக்கமாட்டேன், பிறகு அதைப் பற்றி எழுதவும் மாட்டேன். உனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நீதான் தீர்மானிக்கவேண்டும். நான் திரும்பிப் பார்த்து உன்னைத் தேடமாட்டேன்.

வந்து இருப்பதென்றால் எனக்கு இடப்பக்கமாக இரு. மாத்தளனில் அந்த நாளிலிருந்து எனக்கு வலக்காது கேட்பதில்லை. இதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. இடப்பக்கம் இருந்தால், நீ எவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாலும் கேட்கும்.

சுதா அக்கா